வலது காலைக் கூப்பிட்டவர்

பூன்லெட் அண்ணன் செய்த கால்கள் சவன்னகேத் மாகாணத்தில் எத்தனை ஊர்களில் நடந்துகொண்டிருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் எங்கள் பட்டறை. அங்கே அவர் செயற்கைக் கால் செய்வார். அதை மாட்டிக்கொண்டு நடக்க நான் பழக்குவேன். பத்தொன்பது வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்தோம், அதில் பாதி நாள் சண்டை. சண்டை என்றால் நான் மட்டும் போடுகிற சண்டை. அவர் மாவுக்கட்டுத் தூளைக் கரைத்துக்கொண்டே "ம்" என்பார். அந்த "ம்"மைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் ஏறும்.

சின்ன வயதில் ஏழு வருஷம் மடத்தில் துறவியாக இருந்தவர். பழைய ஓலை எழுத்தெல்லாம் அங்கே படித்ததுதான். பிறகு காவியைக் கழற்றிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு தச்சு வேலை பார்த்தார். எங்கள் பட்டறைக்கு அவர் கால் செய்ய வரவில்லை. நடை பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இரட்டைக் கம்பி ஆடிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்ய வந்தார். அன்றைக்கு ஒரு பெண் காலை மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இவர் கம்பியை விட்டுவிட்டு, அந்தக் காலை வாங்கிப் பார்த்து, உள்பக்கம் ஒரு இடத்தில் உளியால் லேசாகச் சீவிக் கொடுத்தார். அவள் நடந்து போனாள், இவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அவருக்கு ஊரில் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அவருடைய ஊர் நாசக், பட்டறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே குவன் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் இறந்ததும், "ஓலை படிக்கத் தெரிஞ்சவர் நீங்கதான்" என்று ஊரார் இவரைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு உடம்புக்குள் முப்பத்திரண்டு குவன், சின்னச் சின்ன உயிர்கள் மாதிரி. தலைக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று அந்தந்த உறுப்பில் குடியிருக்கும். பயந்தாலோ, விழுந்தாலோ, ஊர்விட்டு ஊர் போனாலோ அதில் ஒன்றிரண்டு வெளியே போய்விடும். ஆள் வெறிச்சென்று உட்கார்ந்திருப்பான். அப்போது வாழையிலைக் கூம்பு செய்து, சாமந்தி செருகி, முட்டை, கோழி, அரிசிச் சாராயம் எல்லாம் வைத்து, ஓடிப்போனதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்ததும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி உள்ளே நிறுத்த வேண்டும்.

நான் தலைநகர் வியந்தியானில் மூன்று வருஷம் நரம்பும் தசையும் படித்தவள். என் புத்தகத்தில் குவனுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஆனால் என் மகள் பிரசவத்துக்குப் போகும்போது இரண்டு கையிலும் நூல் கட்டித்தான் அனுப்பினேன். அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கக் கூடாது.

கம்தான் விஷயம் இப்படி ஆரம்பித்தது. அவனும் நாசக் ஊர்தான். முப்பத்தெட்டு வயது, நல்ல உழைப்பாளி, வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. வயல் ஓரத்தில் மீன் குட்டை வெட்டும்போது, அவன் பிறப்பதற்கு முன் நடந்த போரில் விழுந்த குண்டு ஒன்று மண்வெட்டி பட்டு வெடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்தான். வந்தவன் பேசவில்லை. ஆளே மாறிவிட்டான் என்று பயந்துபோய், அவன் மனைவி மணிவோன் குவன் கூப்பிட நாள் பார்த்தாள். என்னையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள்.

அன்று காலை பூன்லெட் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, வலது கால் வர்ற எடத்துல நான் என்ன சொல்றது?"

"இதுக்கு முன்னாடி கால் போனவங்களுக்குக் கூப்பிட்டதே இல்லியா?"

"நம்மகிட்ட வர்றவங்க எல்லாம் அவங்கவங்க ஊர்ல கூப்பிட்டுட்டு வர்றவங்க. எனக்கு இதான் மொதல்."

"அந்த எடத்தைத் தாண்டிடுங்க. முப்பத்தொண்ணுன்னு சொல்லி முடிங்க. இதுக்குப் போயி வண்டிய நிறுத்தணுமா? வெயில் ஏறுது."

"முப்பத்தொண்ணுன்னு யாரும் சொன்னதில்லியே" என்றார். ஆனாலும் தாண்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த வீட்டுப் படி ஏறினார்.

ஆனால் வாய்க்கு அந்த முடிவு தெரியவில்லை. அவர் கூப்பிட்டால் கேட்க நன்றாக இருக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். தாலாட்டுக்கும் வியாபாரி கூவுவதற்கும் நடுவில் ஒரு ராகம். "வாங்க குவனே, வாங்க. காட்டுல இருந்தா காட்டை விட்டு வாங்க, தண்ணியில இருந்தா தண்ணியை விட்டு வாங்க. கண்ணோட குவனே, கண்ணுக்கு வா. கையோட குவனே, கைக்கு வா." இப்படியே இறங்கி வந்தது. இடது காலும் வலது காலும் அந்தப் பாட்டில் ஜோடி. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று தானாக நாக்கில் வரும். வந்துவிட்டது. "வலது காலோட குவனே, காலுக்கு வா" என்று நீட்டிப் பாடிவிட்டார்.

பூன்லெட் அண்ணனின் காது சிவந்ததை நான் பார்த்தேன். நிறுத்தினால் இன்னும் கெட்டது என்று முப்பத்திரண்டையும் முடித்தார். எல்லோரும் நூல் கட்டினோம், சாப்பிட்டோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

மூன்றாம் நாள் மணிவோன் பட்டறைக்கு வந்தாள். அதுவரை கம்தானுக்கு வெட்டின இடம் மட்டும்தான் வலித்துக்கொண்டிருந்தது. இப்போது, இல்லாத காலின் விரல்கள் வலிக்கின்றனவாம். ஐந்து விரலும் உள்பக்கமாக மடங்கி, நகம் பாதத்தில் குத்துகிறதாம். பிரிக்க முடியவில்லையாம்.

"ஆசானே, சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாப் பண்ணிட்டீங்களே" என்றாள். பட்டறையில் பத்துப் பேர் இருந்தார்கள். "அது பாட்டுக்கு எங்கியோ போயிருந்துச்சு. நீங்க கூப்பிட்டீங்க. அதுவும் வந்துடுச்சு. வந்த எடத்துல கால் இல்ல. இப்ப அது எங்க போயி இருக்கும்? அந்தரத்துல சுருண்டுக்கிட்டுக் கெடக்கு. அவரு ராத்திரி பகல் கத்துறாரு."

"இது நரம்பும்மா" என்று நான் ஆரம்பித்தேன். "கால் போன பாதிப் பேருக்கு இப்படி வரும். யாரும் கூப்பிடாமலே வரும்."

"அக்கா, நீங்க சும்மா இருங்க. மொதல்லயே வரலியே, கூப்பிட்ட பொறவுதானே வந்துச்சு?"

பூன்லெட் அண்ணன் கையில் இருந்த மாவு இறுகிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அவளுக்கு முன்னால் கைகூப்பி, "நான் வந்து பாக்குறேம்மா" என்றார்.

பார்க்கப் போனபோது நானும் போனேன். கம்தான் பாயில் படுத்திருந்தான். இடது கால் நீண்டிருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் சதை, அதற்கப்புறம் வெறும் பாய்.

"எங்கப்பா வலிக்குது?" என்று அண்ணன் கேட்டார்.

கம்தான் வெறும் பாயைக் காட்டினான். தோராயமாக அல்ல, பாயின் ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி ஒரே ஒரு இடத்தை. அந்த நேரம் பார்த்து மணிவோன் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையைக் கொண்டுவந்து, இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று அங்கே வைத்தாள்.

"எடு! எடுடீ! கால்மேல வெக்கிறியே!" என்று அவன் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த கோழி பறந்தது.

மணிவோன் கூடையை எடுத்துக்கொண்டு சமையல் பக்கம் போய் அழுதாள். அன்றையிலிருந்து அந்த வீட்டில் யாரும் பாயின் அந்தப் பக்கத்தைத் தாண்டி நடக்கவில்லை, சுற்றித்தான் போனார்கள். எனக்கும் கால் சுற்றித்தான் போயிற்று. எனக்கே எரிச்சலாக இருந்தது.

பூன்லெட் அண்ணன் கம்தானுக்குக் கால் செய்ததுபோல் வேறெதையும் செய்து நான் பார்க்கவில்லை. மூன்று முறை அச்செடுத்தார். மிச்சக் கால் நுழையும் பிளாஸ்டிக் குழியின் உள்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ரப்பர் பாதத்தை இடது பாதத்தோடு சேர்த்து வைத்து நீளம் பார்த்தார். எல்லாம் கச்சிதம். கம்தான் மாட்டிக்கொண்டு இரட்டைக் கம்பிக்கு நடுவில் எழுந்து நின்றான், நின்றதும் வியர்த்துக் கொட்டியது.

"என்னப்பா, எங்க குத்துது?"

"குழி குத்தல ஆசானே. இதுக்குள்ள ரெண்டு கால் இருக்கு. உங்க கால் நேரா நிக்குது. என் கால் அதுக்குள்ள மடங்கிக் கெடக்கு. ரெண்டும் ஒரே எடத்துல நின்னா நான் எதுல நிக்கிறது?"

கழற்றிவிட்டான். அப்புறம் இரண்டு வாரம் வரவேயில்லை. நாற்று நடும் காலம். மணிவோன் தனியாக வயலில் நின்றாள். இவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், சோறும் சரியாக எடுப்பதில்லை என்று செய்தி வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் முழங்கால் மடங்கினபடியே இறுகிவிடும். அப்புறம் எந்தக் காலும் மாட்ட முடியாது. இது நரம்பு சாஸ்திரம் இல்லை, நான் கண்ணால் பார்த்தது. எத்தனையோ பேர் அப்படித்தான் பாயிலேயே போயிருக்கிறார்கள்.

பூன்லெட் அண்ணன் குவன் கூப்பிடப் போவதை நிறுத்திவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து பிள்ளை பெற்ற வீட்டார் வந்து கூப்பிட்டதற்கும் போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க வாய்க்கு அவ்ளோ சக்தி இருந்தா லாட்டரி நம்பரைக் கூப்பிடுங்களேன், பாப்போம். கூப்பிடாதவங்களுக்கும் இந்த வலி வருது அண்ணே. எத்தனை பேரைப் பாத்திருக்கோம்!"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவங்களையும் யாராவது கூப்பிட்டிருப்பாங்க தங்கச்சி. வாய்விட்டுக் கூப்பிடலேன்னாலும் மனசுக்குள்ள. கால் போனவன் அவன் காலைக் கூப்பிடாமலா இருப்பான்?"

நான் டீ போடப் போய்விட்டேன்.

மாதத்துக்கு ஒரு முறை வியந்தியானிலிருந்து டாக்டர் சிசவாத் வருவார். சின்ன வயசு, தன்மையான ஆள். நான் கம்தான் கதையைச் சொன்னதும் வெள்ளைப் பலகையில் மூளையை வரைந்தார். அதன்மேல் ஒரு ஆளைக் குறுக்காகப் படுக்கவைத்து வரைந்தார். பெரிய கை, பெரிய உதடு, சின்ன முதுகு.

"நம்ம மூளைக்குள்ள உடம்போட படம் இப்படி ஒண்ணு இருக்கு. கால் போனாலும் படத்துல கால் போகல. அது இன்னும் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கு, பதில் வரல. அதான் வலி."

பூன்லெட் அண்ணன் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"டாக்டர், கண்ணுக்கு ஒரு எடம், கைக்கு ஒரு எடம், காலுக்கு ஒரு எடம் இருக்கு இதுல."

"ஆமா."

"நெசக் கால் போனாலும் இந்தக் கால் இருக்கும்."

"ஆமா."

"அப்ப உடம்புக்குள்ள இன்னொரு உடம்பு இருக்குன்னு சொல்றீங்க."

டாக்டர் சிரித்தார். "அப்படிச் சொல்ல முடியாது. மூளையும் உடம்புதானே."

"சரி. ஆனா தலையில இருக்குற வலி பாய் ஓரத்துல எப்படித் தெரியுது? அவன் தலையைக் காட்டலியே, பாயைத்தானே காட்டினான்?"

டாக்டர் பேனாவை மூடினார். "அது எங்களுக்கும் முழுசாத் தெரியாது" என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது அந்த ஒரு வார்த்தையால்தான். தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஆள் உயரத்துக்கு இல்லாவிட்டாலும் இடுப்பு உயரத்துக்காவது ஒரு கண்ணாடி வேண்டும். அதை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, இடது காலின் பிம்பத்தைப் பார்க்கவைக்க வேண்டும். பார்ப்பவனுக்கு வலது காலும் இருப்பதுபோல் தெரியும். பிறகு இடது விரல்களை மடக்கி, மெதுவாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

பட்டறையில் அவ்வளவு பெரிய கண்ணாடி இல்லை. பூன்லெட் அண்ணன் வீட்டுக்குப் போய், மனைவி லட்சமியின் அலமாரிக் கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். அவள் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷத்துல எனக்குன்னு நீ வாங்கிக் குடுத்தது இது ஒண்ணுதான். அதையும் எவன் காலுக்கோ கொண்டுபோறியே!" என்று அவள் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. அவர் "ம்" என்றார். எனக்கு லட்சமியின்மேல் பாசமாக இருந்தது.

கம்தான் வீட்டில் கண்ணாடியைப் பார்த்ததும் மணிவோன் கேட்டாள்: "கூப்பிடுற தட்டுல சீப்பும் கண்ணாடியும் வைக்கிறோமே, அந்த மாதிரியா? குவன் வந்து முகம் பாக்கத்தானே வைக்கிறது? அன்னிக்குச் சின்னதா வெச்சுட்டேனோ?"

"நரம்புக்கு" என்றேன் நான்.

"சரி, அதுவும் பாத்துக்கட்டும்" என்றாள்.

கம்தானை எழுப்பி உட்காரவைத்தோம். முகம் சுண்டிப்போயிருந்தது. கண்ணாடியை நடுவில் நிறுத்தினோம். எதற்கு இந்த வேடிக்கை என்பதுபோல் முதலில் எங்களையே பார்த்தான். "அங்க பாரு" என்று அதட்டினேன். குனிந்து பார்த்தான்.

இரண்டு பாதம் தெரிந்தது அவனுக்கு. அவன் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"ரெண்டையும் மடக்கு. மடக்குனியா? இப்ப மெல்லப் பிரி. ரெண்டையும். அவசரப்படாதே."

இடது விரல்கள் பிரிந்தன. கண்ணாடிக்குள் வலது விரல்களும் பிரிந்தன. மறுபடி மடக்கினான், பிரித்தான். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தெரியவில்லை, அவன் முகம் அப்படியே இளகிவிட்டது. "பிரிஞ்சிருச்சு" என்றான். "ஆசானே, பிரிஞ்சிருச்சு. கட்டை விரல் பிரிஞ்சிருச்சு." பிறகு கண்ணாடியில் தெரிந்த பாதத்தைப் பார்த்து, "எங்கடா போயிருந்த?" என்று கேட்டுவிட்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. நான் மறைக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் நான் சும்மா இருப்பேனா?

"பாத்தீங்களா? நரம்பு. நீங்க கூப்பிட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"கண்ணாடியில அவன் பாத்தது இடது கால். அது பொய். ஆனா வலி போனது நெசம்" என்றார் அவர். "பொய்யைப் பாத்து நெசம் போச்சுன்னா, போனது என்ன?"

"வண்டிய ஒழுங்கா ஓட்டுங்க" என்றேன்.

தினமும் இரண்டு வேளை கண்ணாடிப் பயிற்சி. வலி சாயங்காலம் திரும்பி வரும், ஆனால் முன்போல் கத்தவைக்காது. ஒரு வாரத்தில் கம்தான் பட்டறைக்கு வந்து காலை மாட்டினான். பத்து நிமிஷம் நின்றான். அதற்குமேல் விரல் மறுபடி சுருண்டது. கழற்றி, கண்ணாடி பார்த்து, மறுபடி மாட்டினான். பிழைத்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றியது.

மணிவோனுக்கு அது போதவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பகலெல்லாம் வயலில் குனிந்து நின்றுவிட்டு வந்து, புருஷன் பல்லைக் கடிப்பதைப் பார்ப்பது அவள்தானே. அவள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, அந்தக் கால் குவனைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று நாள் குறித்துவிட்டாள். செத்தவர்களை அனுப்புவதுபோல வாழைப்பட்டையில் தொட்டி செய்து, சோறும் மெழுகுவர்த்தியும் வைத்து, "உனக்கு இங்க எடமில்ல, போ" என்று மூன்று முறை சொல்லி ஓடையில் விட வேண்டும். கூப்பிட்டவரேதான் சொல்ல வேண்டும். கம்தானிடம் கேட்டிருக்கிறாள். அவன் "சரி" என்றானாம்.

"போகாதீங்க" என்று நான் அண்ணனிடம் சொன்னேன். "நடக்க ஆரம்பிச்சவனைப் போயி, உன் கால் செத்துப்போச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

"என் வாயால வந்தது. என் வாயாலதான் போகணும்" என்றார். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று லட்சமி சொன்னாள். அந்த வார்த்தையைச் சொன்னால் அவன் காலை இரண்டாம் முறை வெட்டியதுபோல் ஆகுமோ என்று பயம். சொல்லாவிட்டால் அவன் வலிக்குத் தானே காரணம் என்ற பாரம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அன்று காலை அவர் நாசக்கில் அந்த வீட்டுப் படி ஏறினார். நான் கூடப் போனேன்.

கம்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் கால் நின்றது. வாழைப்பட்டைத் தொட்டி தயாராக இருந்தது. பூன்லெட் அண்ணன் மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஆரம்பித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது. "வலது காலோட குவனே, நான் கூப்பிட்டதும் நீ வந்தே. உன்மேல தப்பில்ல. ஆனா உன் வீடு போயிடுச்சு…" அடுத்த வரியில் "உனக்கு இங்க எடமில்ல" என்று வர வேண்டும்.

வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெழுகு சொட்டி அவர் விரலில் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அப்புறம் கம்தானைப் பார்த்தார்.

"தம்பி, இது உன் கால். நீ சொல்லு. சொல்லட்டுமா?"

கம்தான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லாதீங்க ஆசானே" என்றான். "வீடு இல்லேன்னு தெரிஞ்சும் வந்துச்சே அது. அதைப் போயி போன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப வலி?" என்றாள் மணிவோன். குரல் உடைந்துவிட்டது. "காலம் பூரா கத்திக்கிட்டே கெடக்கப் போறியா?"

"வலிக்கட்டும்டி. யாரோ ஒருத்தன் வலியா அது? முப்பத்தெட்டு வருஷமா என்னைச் சுமந்த கால். கொஞ்ச நாள் நான் அதைச் சுமக்கிறேன்."

"எங்க தங்கவெப்பே அதை? பாய் ஓரத்துலயா?"

கம்தான் கையை நீட்டி அந்தப் பிளாஸ்டிக் காலை இழுத்தான். உறையைப் போட்டு, மிச்சக் காலைக் குழிக்குள் நுழைத்து, பட்டையை இறுக்கினான். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டு பூன்லெட் அண்ணனைப் பார்த்தான்.

"இங்க கூப்பிடுங்க."

ஊர்ப் பெரியவர் ஒருவர், பிளாஸ்டிக்குக்குக் குவன் கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை என்று முணுமுணுத்தார். "ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்துனாங்களே, அது யாரோட ரத்தம்? அதுல இவன் குவன் தங்கலியா?" என்று நான் கேட்டேன். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் நரம்புக் கட்சி.

பூன்லெட் அண்ணன் கூப்பிட்டார். முதலிலிருந்து கூப்பிட்டார், தலையிலிருந்து இறங்கி வந்தார். இடது காலைச் சொன்னார். வலது காலை ராகம் நீட்டி, தயங்காமல் சொன்னார். "இது நான் செஞ்ச வீடு, அளவெடுத்துச் செஞ்சது, வா" என்று ஓலையில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். முப்பத்திரண்டு என்று சொல்லி முடித்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துவரைக்கும் போயிருந்தது.

எல்லோரும் அவன் மணிக்கட்டில் நூல் கட்டினார்கள். நானும் கட்டினேன். கடைசியாக மணிவோன் வந்தாள். கையில் நூலை வைத்துக்கொண்டு நின்றவள், அவன் கைக்குப் போகாமல் கீழே உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் காலின் கணுவைச் சுற்றி நூலைப் போட்டு, அழுகையோடு அழுகையாக, பலமாக ஒரு முடிச்சுப் போட்டாள்.

கம்தான் முகத்தைச் சுளித்தான்.

"மெதுவாடி" என்றான். "இறுக்குது."

மணிவோன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்து, தளர்த்திக் கட்டினாள்.